கண்டக்டர் ஜெயபிரகாஷுக்கு ஏற்றிய அணுக்கள்

சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஜெயபிரகாஷுக்கு முதலில் இடது காது அடைத்தது. பிறகு கழுத்தில் கட்டி எழும்பியது. மூக்குக்குப் பின்னால் புற்றுநோய் என்றார்கள். கதிர்வீச்சில் கரைந்த கட்டி மறு வருஷமே திரும்பி வந்தது.

திருப்பதியில் டாக்டர் ஹரிப்ரியா, இந்த நோய்க்குள் ஒரு வைரஸ் ஒளிந்திருக்கிறது என்றார். அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் ஜெயபிரகாஷின் மண்டையில் ஏறவில்லை.

அன்றிலிருந்து தன் தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டார். பிரசவத்துக்கு வந்திருந்த மகளின் குழந்தை வீறிட்டு அழுதாலும் தூக்கமாட்டார். மனைவி தேவயானி தலை வாரும்போது அவள் கழுத்தையே திருட்டுத்தனமாகப் பார்ப்பார்.

"இன்னா தப்பு பண்ணேன் நானு? கூட ஒக்காந்து துன்ன மாட்டேங்கறீங்க, கொழந்தைய தொட மாட்டேங்கறீங்க?" என்று ஒருநாள் வெடித்தாள்.

"வைரஸ்னு சொன்னாங்களே! உங்களுக்கெல்லாம் குடுத்துட்டுப் போய்டுவேனோன்னு பயந்துக்கினு கெடக்கறேன்."

மறுநாளே அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"அந்த வைரஸ் எனக்கும் இருக்கும்மா," என்றார் ஹரிப்ரியா. "அநேகமா எல்லாருக்கும் சின்ன வயசுலயே வந்துடும், சும்மா கெடக்கும். யாரோ சிலருக்குத்தான் இப்படி ஆகுது. புற்றுநோய் ஒட்டாது."

வீட்டுக்கு வந்ததும் ஜெயபிரகாஷ் பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அவருடைய இரத்தத்திலிருந்தே நோய் எதிர்ப்பு அணுக்களை எடுத்து, அந்த வைரஸை அடையாளம் காணப் பழக்கி, பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றலாம். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் வைத்தியம், உறுதி கிடையாது.

"பழக்கின அணு என் மேலயே பாஞ்சுட்டா?" என்று கேட்டிருந்தார்.

"பாயலாம். அதான் பக்கத்துலயே இருந்து பாத்துப்போம்."

இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வாரங்களில் கட்டி தொண்டையை நெருக்கியது. அணுக்களை ஏற்ற வேண்டிய காலையில், ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தவர் திரும்பி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தேவயானி கையைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயமா இருந்தா பயந்துக்கினே வாங்க. நானும் அப்டிதான் வந்துக்கினு இருக்கேன்."

டிரைவர் வண்டியைக் கிளப்புமுன் இருவரும் இறங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த அணுக்கள் ஒரு சின்னப் பையில் கலங்கல் தண்ணீர்போல் இருந்தன. சீக்கிரமே ஏறி முடிந்தன. சாயங்காலம் குளிர் ஜுரம் தூக்கிப்போட்டது. "பாயுது தேவயானி, என் மேல பாயுது!" என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரத்த அழுத்தம் இறங்க, அவளை வெளியே அனுப்பிவிட்டு ஆக்ஸிஜன் வைத்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் கூப்பிடாத சாமியில்லை.

ஜுரம் விட இரண்டு நாளாயிற்று. அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. எவ்வளவு காலத்துக்கு என்பதை டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

இப்போது அவருக்கு டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஸ்கேன் தேதி நெருங்கினால் சோறு இறங்காது. டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, அவரும் தேவயானியும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.