ஏலிகபாமு

இண்டர் முதல் வருட, அதாவது ஆந்திராவின் பிளஸ் ஒன், விலங்கியல் பரீட்சைக்கு முந்தின நாள், "ஏலிகபாமு கட்டாயம் வரும், எட்டு மார்க்" என்று லெக்சரர் தெலுங்கில் சொன்னார். வீட்டில் தமிழ் பேசுகிற என் காதில் அது எலியும் பாம்புமாக விழுந்தது. எலி பிடிக்கிற சாரைப்பாம்பு என்று நினைத்து, சாயங்காலம் முழுக்கப் புத்தகத்தில் பாம்பைத் தேடினேன். யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். தெரியாது என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் சித்தூரில், பரீட்சை மையத்தின் கேட் திறக்க அரை மணி நேரமே இருந்தபோது, கூடப் படிப்பவளிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"பாம்பாமே! அடியே, அது வயித்துல கீற புழுடீ. நேத்தெல்லாம் பாம்பு புடிச்சிகினு இருந்தியா நீ?" என்று சிரித்து, ஆஸ்காரிஸ் என்று தலைப்பிட்ட பக்கத்தைக் காட்டினாள்.

என்னைப் பரீட்சைக்கு அழைத்துவந்த நைனா கட்டி எடுத்துவந்த இட்லியைத் தின்றபடி படித்தேன். புழுக்குஞ்சு குடலைத் துளைத்து நுரையீரலுக்குப் போகிறது. இருமலோடு தொண்டைக்கு ஏறி வருகிறது. அதை நாமே திரும்ப விழுங்குகிறோம். இட்லி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"இன்னாம்மா நிறுத்திட்ட? துன்னுகினே படி" என்றார் நைனா.

சுவரோரம் ஓடிப்போய்த் துப்பினேன்.

கேள்வி வந்தது. படத்தோடு எழுதினேன். ஆனால் ஊறிய எச்சிலை விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துப்பிக்கொண்டே இருந்தேன். சீட்டு ஒளித்திருக்கிறேன் என்று சந்தேகப்பட்ட மேற்பார்வை மேடம் அதைப் பிடுங்கி விரித்தார். பிறகு பரீட்சை முடியும்வரை என் பெஞ்சுப் பக்கம் வரவேயில்லை.