முந்தானையில் முடிந்த வெல்லம்

அம்மாவின் முந்தானை முடிச்சிலிருந்து வரும் வெல்லக் கட்டியில் வியர்வையின் உப்பும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். பிழைக்க வந்த தெலுங்கு ஊரில், நாச்சாரத்தில், நான் ஆறாம் வகுப்பு படித்த காலம் அது. பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் ஒரு மேஸ்திரியிடம் அம்மா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆண்கள் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்துத் தள்ளுவார்கள். விழுந்ததைப் பெருக்கி, மூட்டை கட்டி, படியிறங்கிக் கொட்டுவது அம்மாவின் வேலை. வெயில் இறங்காமலிருக்க சீலிங்குக்கு மேலே மஞ்சள் பஞ்சு போல ஒன்றைப் பரப்பியிருப்பார்கள். கிளாஸ் வுல். பார்க்கத்தான் பஞ்சு, உண்மையில் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழை. பெருக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் அது மினுமினுத்துக்கொண்டே மிதக்கும், பார்க்க அழகாக இருக்கும் என்று அம்மா சொல்வாள்.

வேலை முடிந்ததும் மேஸ்திரி ஆளுக்கொரு வெல்லக் கட்டி கொடுப்பார். உள்ளே போன தூசியை வெல்லம் இறக்கிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள், அம்மாவும்தான். மற்றவர்கள் அங்கேயே வாயில் போட்டுக்கொள்ள, அம்மா மட்டும் முடிந்துகொண்டு வருவாள். நான் வாசலிலேயே முடிச்சை அவிழ்ப்பேன். கைகளைச் சொறிந்தபடி, இடையிடையே இருமியபடி, நான் தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தத் திமிர் எனக்கு அப்போதே உண்டு. ஒரு மழை நாளில், என் புத்தகப் பை நனையாமலிருக்க, கிளாஸ் வுல் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையை அம்மா கொண்டுவந்தாள். அதில் அச்சிட்டிருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முகமூடி அணிய வேண்டும். தூசி பறக்கும்படி பெருக்கக் கூடாது. அம்மா மறுநாளே போய் மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறாள்.

“அரே, உன் பொண்ணு இன்ஸ்பெக்டர் ஆயிட்டாளா? மாஸ்க் கீஸ்க் நக்கோ, வேணாம். வெல்லம் தின்னு, எல்லாம் போயிடும்னான்டி” என்று அம்மா சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைய கட்டியை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கித் தின்றேன். அந்த உறையைப் படித்துக் காட்டியவளும் நான்தான், அவள் மருந்தென்று நம்பியதைத் தின்றவளும் நான்தான்.

இப்போது அம்மா அதே ஊரில், அல்வால் பகுதியில் என் ஃபிளாட்டில் இருக்கிறாள், தலைமாட்டில் இன்ஹேலருடன். எத்தனையோ தூசியில் உழைத்த உடம்பு, இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்ட முடியாது என்றார் டாக்டர். கண்ணாடி இழை தோலையும் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சை இன்னும் கெடுக்கும். இனி அந்தக் காற்றே இவருக்கு ஆகாது என்றும் சொன்னார்.

போன மாதம், மழையில் ஊறிப்போன ஹால் சீலிங்கைப் பிரிக்க வேண்டி வந்தது. மேலே அதே மஞ்சள் பஞ்சு. வேலையாட்கள் எல்லோருக்கும் மாஸ்க் வாங்கி வைத்தேன். தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளச் சொன்னேன். அம்மாவை எதிர் வீட்டில் உட்காரவைத்தேன். அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் எட்டிப் பார்த்தால், ஹாலில் அம்மா. கையில் துடைப்பம்.

“மூலையை அப்படியே விட்டுட்டுப் போயிருக்காளுங்க பாரு.”

துடைப்பத்தைப் பிடுங்கி, அவளை பால்கனிக்கு இழுத்துப் போனேன். மூச்சு விசிலடித்தது. இன்ஹேலரை அவள் வாயில் வைத்துவிட்டு அழுகையும் கோபமுமாகக் கத்தினேன். வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்ததும் அதோடு வந்துவிட்டது. “வெல்லம் தின்னா தூசி இறங்காதும்மா. அது சும்மா. ஆனா நீ அதை நம்பின. நம்பியும் எனக்குக் குடுத்த.”

அம்மாவுக்கு மூச்சு திரும்பியது. பிறகு, “அப்ப நல்லதாப் போச்சு. நீ தின்னதுல எனக்கு ஒண்ணும் குறையல” என்றாள். சிரிக்கப் போய் இருமினாள்.

சாயங்காலம், கடைசி மூட்டையை இறக்குவதற்கு முன்பே இந்த வேலைக்கு வந்த மேஸ்திரியும் வெல்லம் கொடுத்துவிட்டார். மூட்டை தூக்கும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்க, கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். எதிர் வீட்டு வாசலிலிருந்து அம்மா அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டாள். முந்தானை முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் சொன்னாள்:

“இது உனக்கு. அது புள்ளைக்கு.”