பல்லால் உரித்த வயர்

வெளிநாட்டில் கூட்டாகத் தங்கும் அறையில் அவரைக் கொறடு என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் கொறடு இல்லாவிட்டால் என்ன, வாயில் முப்பத்திரண்டு இருக்கிறதே என்று கேலி. பொய்யில்லை. ஊரில் எலக்ட்ரீஷியனாகப் பத்தொன்பது வருடம் வயரைப் பல்லால் உரித்து உரித்து முன்பல்லில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

வந்த நாட்டில் அந்தப் பத்தொன்பது வருடம் செல்லுபடியாகவில்லை. சான்றிதழ் இல்லை, ஆகவே ஹெல்பர். குழாய் தூக்கினார், ஏணி பிடித்தார். மின்சாரம் எங்காவது மக்கர் பண்ணினால் மட்டும் சூப்பர்வைசர் அவரைத் தேடி வருவார். கோளாறைக் கொறடு பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். லைசென்ஸ் வைத்திருப்பவன் கையெழுத்துப் போடுவான். அந்த லைசென்ஸ் இருந்தால்தான் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள விடுவார்கள்.

லைசென்ஸ் தேர்வன்று அரை மணி மிச்சம் வைத்து முடித்தார். அவர் வயர் இணைத்த போர்டில் எல்லா விளக்கும் எரிந்தது. வேலை சுத்தம் என்ற அதிகாரி, மேசைமேல் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த வயர் உரிக்கும் கருவியைக் காட்டினார். வாயால் உரித்ததால் பாதுகாப்புக்குப் பூஜ்யம். அதில் பூஜ்யம் என்றால் மொத்தமும் பெயில். இனி ஆறு மாதம் கழித்துத்தான். விளக்கு எரியாமல் தோற்றிருந்தாலாவது கொறடுக்கு மனசு ஆறியிருக்கும்.

போனில் காரணத்தைக் கேட்டதும் மனைவி சிரித்துவிட்டார்.

“வகுப்புல எல்லார்கிட்டயும் அப்பாகிட்ட போறேன்னு பாப்பா சொல்லிட்டா,” என்றார் சிரிப்பு அடங்கியதும்.

ஆறு மாதமும் அறையில் உட்கார்ந்து துண்டு வயர்களைக் கருவியால் உரித்துப் பழகினார். நிதானமாகச் செய்தால் சரியாக வந்தது. கொஞ்சம் அவசரப்பட்டால் போதும், கை பழைய வழக்கப்படி வாய்க்குப் போனது. இதற்கும் மனைவிதான் வழி சொன்னார். சளி பிடித்திருக்கிறது என்று மாஸ்க் போட்டுக்கொண்டு போகட்டுமாம்.

போட்டுக்கொண்டு போனார். இந்தத் தடவை கடைசி ஆளாக முடித்தார். நடுவில் வயரோடு மாஸ்க் வரை போன கையைப் பார்த்து அதிகாரி பக்கத்தில் வந்து, மூக்கு அரிக்கிறதா என்று கேட்டபோது உயிரே போய்விட்டது. ஆமாம் என்று தலையாட்டி, கருவியை எடுத்து உரித்தார். பாஸ் என்று எழுதிய தாளை வாங்கி, ஒன்றுக்கு மூன்று முறை படித்தார்.

வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றினார். வாய் இருந்த இடத்தில் நான்கு அழுக்குக் கோடுகள். மனைவிக்குப் போன் போட்டு, முதலில் பாஸ் என்றார், பிறகு கோடுகளைப் பற்றிச் சொன்னார்.

“துவைச்சிடாதீங்க,” என்றார் அவர். “நாங்க வந்து பாக்கணும்.”