நாலாவது தோள்

குருவிகுளம் பக்கத்து அந்த ஊரில், மேலத்தெருவில் விளக்கெரியும் வீடுகளைவிடப் பூட்டிய வீடுகளே அதிகம். பிள்ளைகள் சென்னை, கோவை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிழடுகள். கீழத்தெருவிலிருந்தும் திருப்பூருக்குப் போகத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அங்கே இன்னும் பிள்ளைச் சத்தம் கேட்கும். கோழிப்பண்ணை வந்த பிறகு, ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் வடக்கத்திப் பையன்களும் குடியேறியிருந்தார்கள்.

பேச்சிராஜ் கீழத்தெருக்காரர். இளவட்டத்தில் மேலத்தெருக் குருசாமியின் கரிசல் காட்டுக்கு உளுந்து விதைக்கப் போனவர், தலை நரைத்தும் கரையேறவில்லை. குருசாமி பக்கவாதத்தில் விழுந்ததும் வேலை காட்டிலிருந்து கட்டிலுக்கு மாறியது. தூக்கி உட்கார வைத்ததும், குளிப்பாட்டியதும், பீ மூத்திரம் அள்ளியதும் அவர்தான். ஒருகாலத்தில் வாசற்படி மிதிக்க விடாத வீடு அது. தூக்க ஆளில்லை என்றானதும் அந்தக் கட்டுப்பாடு தானாக அவிழ்ந்துகொண்டது.

"நான் போறப்ப நீயும் ஒரு தோள் குடுக்கணும்லே" என்று குருசாமி கோணிய வாயால் குழறியதைப் பேச்சிராஜ் அப்படியே நம்பினார்.

குருசாமி செத்தது ஐப்பசி மழையில். சங்கரன்கோவிலிலிருந்து வந்த அமரர் ஊர்தி, சுடுகாட்டுப் பாதையின் கரிசல் சேற்றைப் பார்த்ததும் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. பாடை கட்டினார்கள். மகன் மகாராஜா கொள்ளிச்சட்டி பிடிக்க வேண்டும். அவன் போக, சுமக்கத் தெம்புள்ளவர்கள் மேலத்தெருவில் மூன்று பேர்தான் தேறினார்கள்.

பேச்சிராஜ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே வந்தார். "நாலாவதா நான் நிக்குதேன், சின்ன முதலாளி."

மகாராஜா, மேலத்தெருப் பெரியவர் தங்கசாமியின் முகத்தைப் பார்த்தான்.

"ஏலே பேச்சி, உசுரோட இருக்கையில தூக்குனது வேற. ஊர் பாக்கத் தூக்குதது வேற" என்றார் தங்கசாமி.

"எந்த ஊரு முதலாளி? பூராவும் பூட்டித்தான கெடக்கு?"

"வாய் நீளுதே. தள்ளி நில்லு."

மகாராஜா போனை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் கோழிப்பண்ணையிலிருந்து பப்லு என்ற வடக்கத்திப் பையன் பைக்கில் வந்து இறங்கினான்.

"என்ன ஆளுன்னு விசாரிச்சியா?" தங்கசாமி காதோரம் கேட்டார்.

"எதுக்கு மாமா விசாரிச்சுக்கிட்டு? தெரியாம இருக்கதுதான் நல்லது."

பாடை பப்லுவின் தோளில் ஏறியது. பேச்சிராஜ் சேற்றில் பின்னாலேயே நடந்தார். பையன் வழுக்கியபோதெல்லாம் அவர் கை தானாக நீண்டது. தங்கசாமி கனைத்ததும் மடங்கியது. சுடுகாட்டு வேலிக்கு வெளியே நின்று புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

குருசாமி வீட்டுக்கு எதிர்க் குழாயடியில் பப்லு கால் கழுவிக்கொண்டிருந்தான். பண்ணைக்கு வந்த நாளிலிருந்து பொறுக்கிய தமிழில் கேட்டான்: "அண்ணா, செத்தவரு உங்க சொந்தமா? ரொம்ப அழுதீங்க."

"சொந்தமில்லப்பா. நான் கீழத்தெரு. தொடக்கூடாதாம்."

பப்லு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எங்க ஊர்ல நாங்களும் அப்படித்தான் அண்ணா. கோயில் உள்ள விடமாட்டான்."

பேச்சிராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சத்தமாச் சொல்லாதலே மக்கா. எரியுதவர எழுப்பித் திரும்பக் குளிப்பாட்டணும்னு நிப்பானுவ."

சிரிப்பு பாதியில் நின்றது. பையனின் சட்டைத் தோளில் பச்சை மூங்கில் தேய்த்த கறை இருந்தது. அதையே பார்த்தார்.

"பேச்சி, இங்கன வா!" மகாராஜா வாசலிலிருந்து கூப்பிட்டான். "அப்பா படுத்த பாய், துணியெல்லாம் அள்ளி வெளிய போடணும். காரியம் முடிஞ்சதும் வீட்டப் பூட்டிட்டுக் கெளம்பணும்."

பேச்சிராஜ் இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுக்கும் பண்ணையிலயே ஆள் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழத்தெருப் பக்கம் நடந்தார்.