எங்களிடம் வந்த வண்டி திரும்பி வராது

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகளுக்கு நடுவே புகுந்து போகிற தெருவில் மரியராஜின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. கடைப் பெயரை விட்டுத்தள்ளுங்கள், அதை யாரும் படிப்பதில்லை. அதற்குக் கீழே சிவப்புப் பெயிண்டில், முழம் முழமான எழுத்தில் இருப்பதைத்தான் படிப்பார்கள்: 'எங்களிடம் வந்த வண்டி திரும்பி வராது.' ஒரு தடவை மரியராஜ் வயர் போட்டால் போட்டதுதான், அதே கோளாறென்று மறுபடி வந்து நிற்கவேண்டியதில்லை என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். மாதா சத்தியமாக ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

நல்ல மனுஷன்தான். ஆனால் 'தெரியாது', 'என் தப்பு' என்ற இரண்டு மட்டும் அவர் வாயில் வராது. சிவனாண்டி என்கிற வேன் டிரைவர் ஒருமுறை ஆரன் மாட்டிக்கொண்டு போனான். ஆரனை அமுக்கினால் வைப்பரும் சேர்ந்து ஆடியது. தெருமுனை போவதற்குள் அதைக் கண்டுபிடித்துக் கத்தினான்.

"அப்படித்தாம்ப்பா வரும். மழை நேரத்துல ரெண்டும் சேந்து வேணும்ல? ஒரே பட்டன்ல முடிச்சுக் குடுத்திருக்கேன்" என்றார் மரியராஜ், கண் இமைக்காமல். சிவனாண்டி தலையைச் சொறிந்துகொண்டே போனான். திரும்பி வரவில்லை.

எதிர்ச்சாரியில் கண்ணுச்சாமியும் அதே தொழில்தான். அவர் கடைக்குப் போர்டு கிடையாது, தகரக் கொட்டகை மட்டும்தான். ஆனால் எப்போதும் நாலைந்து வண்டிகள் வாசலை அடைத்து நிற்கும். "அவனுக்கு வேலையில வேகம் பத்தாது. அதான் வண்டி தேங்கி நிக்குது" என்று மரியராஜ் பரிதாபப்படுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் முத்திருளன் தன் எலக்ட்ரிக் காரோடு வந்து சேர்ந்தார். உசிலம்பட்டியில் விதை, உரக்கடை. வீடு கே.கே. நகரில். கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மனுஷனுக்கு ஒரு மனக்குறை.

"மரியண்ணே, இம்புட்டுக் குடுத்து வாங்கியிருக்கேன், ஊருக்குள்ள போனா ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டேங்கிறான். சத்தமே இல்ல. பூனை மாதிரி போயி நிக்குது. காதுக்குத் தெரியலைன்னா கண்ணுக்காவது தெரியணும்ல?"

மரியராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காருக்கு அடியில் நீல வெளிச்சம், முன்னால் மினுக்கும் விளக்கு, பின்னால் ஓடுகிற சிவப்புக் கோடு என்று வரிசையாகப் போட்டார். கடைசியில் முத்திருளன் குரலைத் தணித்துக்கொண்டு, டேஷ்போர்டில் இருந்த விரல் நீளக் கருப்பசாமியைக் காட்டினார்.

"அய்யாவுக்கு ஒரு சின்னச் செவப்பு பல்பு மட்டும் போடுங்க. அது அணையவே கூடாது. எந்தங்கச்சிக்குப் பதினோரு வருசம் கழிச்சுப் பொறந்த புள்ளைக்குக் காது குத்தப் போறோம். அது வரைக்கும் நான் போற எடமெல்லாம் வெளக்கோடதான் அய்யா வருவாருன்னு வேண்டியிருக்கேன். வண்டிய ஆஃப் பண்ணினாலும் எரியணும்."

கேட்டது ஒரு பல்பு. மரியராஜ் சும்மா இருந்தாரா? கடைச் சுவரில் இருக்கிற வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால் ஒரு வண்ண விளக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே போல ஒன்றை வாங்கிவந்து கருப்பன் தலைக்குப் பின்னாலும் மாட்டிவிட்டார். அணையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், ஆகவே சுவிட்சும் கிடையாது, ஃப்யூஸும் கிடையாது. நேரே பேட்டரியிலிருந்து ஒரு வயர். முத்திருளன் கையெடுத்துக் கும்பிட்டார், கருப்பனையும் மரியராஜையும் சேர்த்து.

ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, அந்தக் கார் கிரேன் வண்டியின் முதுகில் ஏறித் தெருவுக்குள் வந்தது. உள்ளே முத்திருளன் உட்கார்ந்திருந்தார், பட்டப்பகலில் செல்போன் டார்ச்சைக் கருப்பன் முகத்துக்கு நேரே பிடித்தபடி. கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்க்கடையில் கண்ணுச்சாமி டீ கிளாஸோடு எழுந்து நின்றுவிட்டார்.

"ரெண்டு நாள் நிப்பாட்டி வச்சா செத்துப்போகுது, மரியண்ணே. சார்ஜு எம்பது இருந்துச்சு. ஆனா கதவே தொறக்கல, சாவி போட்டுத்தான் தொறந்தேன். ஷோரூம்காரன் வந்து லைட்டெல்லாம் பாத்துட்டு, வெளிய வயர் போட்ட வண்டிய நாங்க தொடமாட்டோம்னுட்டான். ஞாயித்துக்கெழம காதுகுத்து. தாய்மாமன் சீரு இதுலதான் போகணும். நான் பாட்டுக்கு கிரேன்ல போயி எறங்கினா ஊரு சிரிக்காதா?"

"எலி" என்றார் மரியராஜ் உடனே. "கே.கே. நகர்ல எலி ஜாஸ்தி."

காரை இறக்கினார்கள். எலி கடித்த வயர் ஒன்றுகூட இல்லை. "அப்ப ஷோரூம்காரன் போட்ட பேட்டரி சரியில்ல" என்றார். எலக்ட்ரிக் காரில் வண்டியை ஓட்டுகிற பெரிய பேட்டரி ஒன்று, கதவு, விளக்கு, மூளைக்கெல்லாம் சின்ன பேட்டரி ஒன்று. வண்டி ஓடும்போது பெரியது சின்னதுக்கு ஊட்டும். வண்டி நின்றால் ஊட்டுவதும் நின்றுபோகும். சின்னது காலியானால் பெரியது நிறைந்திருந்தும் பிரயோசனமில்லை. இதெல்லாம் மரியராஜுக்குத் தெரியும். இருந்தாலும் சின்னதைச் சார்ஜ் போட்டு, நீல விளக்கையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, "சனிக்கிழம வந்து எடுத்துக்குங்க. இங்கயே நிக்கட்டும், யாரு கோளாறுன்னு பாத்துருவோம்" என்றார்.

சனிக்கிழமை காலை வந்து பார்த்தால் கார் செத்துக்கிடந்தது. மரியராஜின் ஷெட்டுக்குள், மரியராஜின் பூட்டுக்குள். பழி போட எலியும் இல்லை, ஷோரூம்காரனும் இல்லை. சக்கரம் நின்றுபோய், கருப்பன் இருட்டில் உட்கார்ந்திருந்தார். மரியராஜ் சிலுவை போட்டுக்கொண்டு, தன் செல்போன் டார்ச்சை எரியவிட்டுக் கருப்பன் முன்னால் சாய்த்து வைத்தார்.

சின்ன பேட்டரிக்கு மறுபடி உயிர் கொடுத்து, கரண்ட் எங்கே கசிகிறதென்று பார்க்க மீட்டரை மாட்டினார். இந்த வண்டியில் எடுத்தவுடன் பார்க்கக் கூடாது, பூட்டிவிட்டு அது தூங்குகிற வரை அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும். காத்திருந்தார். வண்டி தூங்கியது. மீட்டர் தூங்கவில்லை, முக்கால் ஆம்பியருக்கு மேல் காட்டியது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முள் அசையவில்லை. கடைசியில் மிச்சமிருந்தது ஃப்யூஸே இல்லாத ஒரு வயர். அவர் கையால் முறுக்கி, அவர் கையால் டேப் சுற்றிய வயர். அதைப் பிடுங்கியதும் மீட்டர் பொட்டென்று விழுந்தது.

ஆக, சக்கரம்தான். பெட்ரோல் காராக இருந்திருந்தால் தாங்கியிருக்குமோ என்னவோ. யாருக்கும் தெரியாமல் அந்த வயரை மாற்றிவிட்டு, பேட்டரிதான் என்று சொல்லிவிடலாம். மரியராஜ் அதைத்தான் செய்திருப்பார், நேற்றுவரைக்கும். ஆனால் முத்திருளன் வந்து, டார்ச் வெளிச்சத்தில் இருந்த கருப்பனைப் பார்த்து, பிறகு மரியராஜைப் பார்த்து, உடைந்த குரலில் கேட்டார்.

"அணைஞ்சிருச்சாண்ணே? எந்தங்கச்சி புள்ளைக்கு ஒண்ணும் ஆயிறாதுல்ல? நாந்தான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

இதற்குமேல் மனுஷன் பொய் சொல்லமுடியுமா? மரியராஜ் பிடுங்கிய வயரை எடுத்துக் காட்டினார்.

"நீங்க ஒண்ணும் பண்ணல. என் தப்புண்ணே. நீங்க பல்புதான் கேட்டீக. நான் பெருமைக்குச் சக்கரத்த வச்சு, கண்ண மூடிக்கிட்டு நேரா வயரப் போட்டேன். அய்யா மேல குத்தமில்ல, உங்க மேல குத்தமில்ல. கோளாறு பொறப்பட்ட எடம் நாந்தான்."

சொல்லி முடித்தபோதுதான் கவனித்தார், கண்ணுச்சாமி டீ கிளாஸோடு தெருவைத் தாண்டி வந்து, பின்னால் நின்றுகொண்டிருந்தார். வாயைப் பிளந்து நின்றார்.

"மாப்ள, இன்னொருக்காச் சொல்லு."

"போய்யா அங்கிட்டு. இருபத்திரெண்டு வருசத்துல ஒரே ஒரு வண்டி திரும்பி வந்திருக்கு. உனக்கு அம்புட்டுச் சந்தோசமா?"

கண்ணுச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். டீ சட்டையில் கொட்டியது. "ஒரே வண்டியா? அடப்பாவி! என் வாசல்ல நிக்கிற வண்டியெல்லாம் என்னான்னு நெனச்ச? ஒங்கிட்ட வந்தா எலிம்ப, மழைம்ப, புது மாடலும்ப. அதான் ஒருத்தனும் ஒங்கிட்டத் திரும்பி வர்றதில்ல, நேரா எங்கிட்ட வந்துர்றான். ஆரன்ல வைப்பரு ஆடுச்சே, அத யாரு பிரிச்சதுன்னு நெனைக்கிற? ஒன் போர்டுதாம்யா எனக்குச் சோறு போடுது!"

மரியராஜின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். எதிர்வாசலில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலும் தன் கையால் சுற்றிய மஞ்சள் டேப் தொங்கியது. அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது, உட்கார்ந்து அழ நேரமில்லை.

"சக்கரத்தக் கழட்டிரவா?" என்று முத்திருளனைக் கேட்டார்.

"அய்யாவுக்குக் குடுத்தத திருப்பி எடுக்கிறதாவது! அதோட எந்தங்கச்சி மக அந்தச் சக்கரத்தப் பாத்தாத்தான் சிரிக்குது."

மரியராஜ் சுவரை நிமிர்ந்து பார்த்தார். கரண்ட் போனாலும் மாதா இருட்டில் இருக்கக் கூடாதென்று படத்துக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர் பேட்டரி வைத்திருந்தார். அதை எடுத்துத் துடைத்து, காரில் கருப்பனுக்கென்று தனியாக வைத்தார். வண்டி ஓடும்போது மட்டும் அதில் சார்ஜ் ஏறும். சிவப்பு பல்பு அதிலிருந்து இரவு பகலாக எரியும். சக்கரமும், மறுபடி மாட்டிய நீல விளக்கும் வண்டி ஓடினால்தான் சுற்றும், எரியும்.

"வண்டி நின்னா அய்யா செத்த நேரம் ஓய்வெடுப்பாரு. வெளக்கு மட்டும் எரியும்" என்றார்.

"எடுக்கட்டும்ணே, அவரும் எம்புட்டு நேரந்தான் முழிச்சிருப்பாரு" என்றார் முத்திருளன். இந்தத் தடவை மரியராஜ் எல்லா வயருக்கும் ஃப்யூஸ் போட்டார். கண்ணுச்சாமி டார்ச் பிடித்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி சூசையம்மாள், "பேட்டரி போனதுக்கு மாதா கோவிச்சுக்க மாட்டா. நீரு தப்ப ஒத்துக்கிட்டதக் கேட்டு மயங்கி விழாம இருந்தாச் சரி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியில் மேளம் முழங்க, சீர்த்தட்டுகள் முன்னால் போக, கார் நடை வேகத்தில் நீலமாக ஊர்ந்தது. இரண்டு மணி நேரம். நிற்கவில்லை, சாகவில்லை. திரும்பிப் பார்க்காத ஒரு பயலும் இல்லை. பிள்ளை காது குத்தும்போது அழுது, சக்கரத்தைக் காட்டியதும் சிரித்தது. முத்திருளன் பூரித்துப்போய் மைக்கைப் பிடுங்கினார். "வெளிச்சம் உபயம், ஆரப்பாளையம் மரியராஜ்! அவரு போட்ட வயருதான் வண்டியப் படுக்க வச்சுச்சு, அத அவரே ஒத்துக்கிட்டு அவரே எழுப்பி விட்டாரு!" நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நாலு குழாய் ஸ்பீக்கரில் அது ஊரெல்லாம் கேட்டது. மரியராஜ் பந்தல் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

திங்கட்கிழமை கடையைத் திறந்தபோது சிவனாண்டியின் வேன் வாசலில் நின்றது. அவன் காதுகுத்துக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தானாம்.

"அண்ணே, கோவிச்சுக்காதீக. ரிவர்ஸ் போட்டா உள்ள பாட்டு நின்னுபோகுது. அன்னைக்கு ஆரனோட நீங்க போட்டதுதான். ஏன்ணே அப்படி?"

மரியராஜின் வாயில் பதில் தயாராக இருந்தது. பின்னால் போகும்போது கவனம் சிதறக் கூடாதென்று அவரே யோசித்துச் செய்தது என்று சொல்லலாம். அருமையான பதில். அதை விழுங்கினார்.

"தெரியலையேப்பா. உள்ள விடு, பாப்போம்."

பகலில் ஏணி போட்டு ஏறி, போர்டில் அந்தச் சிவப்பு வரிக்குக் கீழே ஒரு வரி எழுதினார்: 'வந்தாலும் பரவாயில்லை, வாங்க.'

எதிர்ச்சாரியிலிருந்து கண்ணுச்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டு கத்தினார்: "எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே மாப்ள!"