பழைய ஸ்டோர் முடக்கு

"பஸ்ஸை நிப்பாட்டுங்க."

பழைய ஸ்டோர் முடக்கு என்கிற ரோட்டு வளைவில் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே மெனேஜர் றொக்சன் சொல்லியிருந்தார். கேட்டேன். இது எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், முதலில் பட்டம் எடுத்தவள் நான். இரண்டு வருஷம் வேலையில்லை. பிறகு தலவாக்கலையில் ஒரு பஸ் கம்பெனி தன் ஐம்பது வருஷ வரலாற்றை எழுத ஆள் தேடியது. சேர்ந்தேன். பழைய நேர அட்டவணைகளைப் புரட்டும்போது ஒன்று உறுத்தியது. 1986 வரை அந்த முடக்கில் பஸ் நின்றிருக்கிறது. அப்புறம் இல்லை. முடக்குக்கு மேலேதான் வேறொரு லயம். அந்தச் சனம் ஒன்றரை மைல் தள்ளி, கடைசித் தரிப்பிடமான பாலத்தில் இறங்கித் திரும்பி நடக்கிறது. தோட்டத்து ஆட்கள்தானே, நடக்கட்டும். அப்படித்தான் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

போன ஜூலை 17. மாலை 5.40 பஸ். பதினொரு பேர் இருந்தோம். என் பக்கத்தில் நாகலெட்சுமி அக்கா, அந்த லயத்துக்காரர். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கட்டுப்போட்டு வந்திருந்தார். பாலத்திலிருந்து எப்படி நடப்பீங்க என்று கேட்டேன். "பழகிப்போச்சு புள்ள" என்றார்.

6.22. ஒரே பனி. முடக்கு வந்தது. எழும்பி நின்று கேட்டேன்.

கண்டக்டர் நிரோஷன் முகம் மாறியது. "அக்கா, வேணாம். ஒக்காருங்க."

நானே பெல்லை அடித்தேன்.

பஸ் நின்றது. பிரேக்கில் கால் வைக்கவே இல்லை என்று ட்ரைவர் பிறகு சத்தியம் பண்ணினார்.

கதவு திறந்தது. நாகலெட்சுமி அக்கா அசையவில்லை.

"எறங்குங்க அக்கா."

"நான் எறங்கல. எனக்காக நிப்பாட்டினேன்னு சொல்லிறாத."

வெளியில் ஒருத்தரும் இல்லை.

தொப்... படியில் ஒரு சத்தம். பஸ் இடப்பக்கம் சரிந்தது.

தொப்... தொப்...

எண்ணினேன். பத்தொன்பது.

முன்சீட்டுப் பெரியவர் எழும்பி இடம் விட்டார். யாருக்கு? மற்றவர்களும் எழும்பிப் பின்னால் ஒதுங்கினார்கள்.

"உள்ள போங்க... உள்ள போங்க..." நிரோஷன் அழுதுகொண்டே சொன்னான்.

பஸ் ஏற்றத்தில் முனகியது.

சேற்று வாடை...

என் தோளில் ஈரம். யாரோ சாய்ந்தார்கள்.

நகர முடியவில்லை. காலி பஸ்ஸில் நகர இடமில்லை.

கத்தினேன். சத்தம் வரவில்லை.

6.34.

பாலம்.

பதினொரு பேரும் இறங்கினோம். பஸ் நிமிரவில்லை. சரிந்தபடியே நின்றது.

அன்றிரவு நாகலெட்சுமி அக்கா வீட்டில் தங்கினேன். அப்போதுதான் சொன்னார். 1986இல் அவருக்கு ஆறு வயது. அடைமழை. மலை வெடிக்கிற சத்தம் கேட்டு லயத்துச் சனம் ரோட்டுக்கு ஓடி வந்து பஸ்ஸை மறித்திருக்கிறது. புது பஸ். அன்றைக்குத்தான் முதல் ஓட்டம். சேற்றுக் காலோடு யாரையும் ஏற்றாதே என்று முதலாளி சொல்லியிருந்தாராம். ட்ரைவர் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் மண்சரிந்தது. பஸ்ஸின் பின்னால் ஓடிய இவர் பிழைத்தார். பத்தொன்பது பேர் அங்கேயே.

"சீட்டெல்லாம் காலியாத்தான் இருந்துச்சு" என்றார்.

அந்த 5.40 பஸ்ஸுக்கு இரண்டு தடவை ஸ்பிரிங் மாற்றிவிட்டார்கள். இன்னும் சரிந்துதான் ஓடுகிறது. ஏற்றியது நான். இறக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

1986 பற்றி நான் எழுதிய பக்கத்தை றொக்சன் படித்தார். அந்த முதலாளியின் பேரன் அவர். பக்கத்தைத் திருப்பித் தள்ளினார். ஆட்கள் குறைந்ததால் தரிப்பிடம் நீக்கப்பட்டது என்று மாற்றச் சொன்னார்.

"வேலை வேணுமா, வேணாமா?"

நாகலெட்சுமி அக்கா சொல்லச் சொல்ல, பத்தொன்பது பெயர்களையும் அவர் வீட்டில் தங்கிய இரவே எழுதி முடித்திருந்தேன். பத்திரிகைக்குத் தபாலில் போட்டும் மூன்று நாள் ஆகியிருந்தது. அதை றொக்சனிடம் சொல்லவில்லை. ஒபிஸ் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.