கூடாரத்துக்குள் நான் விட்ட கை

என் கணவர் தாசன் ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர். போன வருஷம் தவக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, தின்னர் டிரம் தீப்பிடித்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை வெந்துபோனார். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்களுக்கு இந்த ஊரில் சபையை விட்டால் யாருமில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலைச் சுற்றி பிளாஸ்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். கிருமி அண்டாதபடி வடிகட்டின காற்றுதான் உள்ளே போகும். அதன் சுவரிலேயே நீளக் கையுறைகள் பொருத்தியிருக்கும். நர்ஸ் வெளியே நின்றபடி அவற்றுக்குள் கைவிட்டுப் புண்ணைக் கழுவுவார், செத்த தோலை எடுப்பார். என் கணவர் கத்துவது வெளியே சன்னமாகத்தான் கேட்கும். ஒரு முழ தூரத்தில் இருக்கிறார், தொட முடியாது. "ஏடவகம்மா", அழாதேம்மா என்று தெலுங்கில் என்னைத் தேற்றுவது துப்புரவு வேலை பார்க்கிற யாதம்மா ஒருத்திதான்.

பதினொன்றாம் நாள் தோளில் புதுத்தோல் ஒட்டினார்கள். மேலே போட்ட கட்டை ஐந்து நாள் பிரிக்கக் கூடாது. அன்றைக்கே எங்கள் ஜெபக்குழு அக்கா, பாஸ்டர் ஜெபித்த எண்ணெயைக் கொண்டுவந்து தந்தார்கள். "தொட்டு வையி கிரேஸு. மிச்சத்த கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

மறுநாள் நர்ஸ் அந்தப் பக்கம் போன நேரம், கூடாரத்தின் ஜிப்பை ஒரு சாண் திறந்து கைவிட்டேன். நெற்றியில் ஒரு சொட்டு. தோள்கட்டின் ஓரத்தில், உள்ளே இறங்கும்படி, ஒரு சொட்டு.

அவர் கண்ணைத் திறந்தார். "என்னட்டி, என்னைத் தாளிக்கப் போறியா?"

சிரித்துவிட்டேன். தீப்பிடித்த நாளுக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

எண்ணெய் வைத்த மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது. பிதற்ற ஆரம்பித்தார். திறந்த புண்களையெல்லாம் பார்த்தார்கள், சுத்தமாகவே இருந்தன. கடைசியில், கூடாரத்தை ஒழுங்காகத் துடைக்கவில்லை என்று யாதம்மாவை நிறுத்திவைத்துத் திட்டினார்கள். அவள் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

படிக்கட்டு ஓரத்தில் முழங்கால் போட்டேன். "இவரைக் காப்பாற்றும்" என்று சொல்லப்போனால் எண்ணெய்ப் பாட்டில்தான் கண்ணில் நிற்கிறது. அழுது அழுது கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும். அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. டாக்டர் முன்னால் போய் நின்றேன். யாதம்மாவும் அங்கேதான் இருந்தாள்.

"உள்ள கைய விட்டு எண்ணெ வச்சது நான்தான் சார். இந்தம்மா மேல தப்பில்ல."

டாக்டர் திட்டவில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்டார். தோளைக் காட்டினேன். பிரிக்கக் கூடாத கட்டு என்பதால் யாரும் பார்க்காத இடம் அது. பிரித்தார்கள். ஒட்டின தோல் சீழில் மிதந்தது. அதை எடுத்துப்போட்டு, கழுவி, மருந்தை மாற்றி, கூடாரத்தையும் புதிதாகப் போட்டார்கள். எண்ணெயால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இன்னும் ஒரு நாள் மூடியே இருந்திருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர். கட்டைப் பிரித்த நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது.

யாதம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அன்று அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள்தான் சொன்னாள், அந்த எண்ணெயை உன் தலையில் வைத்துக்கொண்டு அவருக்காக வேண்டு என்று. இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார், ஸ்தோத்திரம். ஆனால் அந்தத் தோள் சரியாகக் கூடவில்லை. இடது கை மேலே எழும்பாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே குத்தும்.

இதைப் படிக்கிற சகோதரியே, உன் வீட்டிலும் ஒருவர் தொட முடியாத தூரத்தில் கிடக்கலாம். ஜெபி. மறைத்துவைத்தது ஏதாவது இருந்தால், அதைச் சொல்லும் பலத்தையும் சேர்த்துக் கேள். எனக்குக் கொடுத்தவர் உனக்கும் கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சபையார் கைகளை உயர்த்தும்போது அவர் ஒரு கையைத்தான் உயர்த்துவார். நான் அவருக்கு இடப்பக்கம் நின்றுகொள்வேன்.